மூப்பர் வீட்டுக்குக் காற்று போதவில்லை

அன்புள்ள ஆல்டன் அண்ணாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது கோழிதான். நம் சிவப்புக் கோழி எப்போதும் வீட்டுக்கடியில், புகைபோக்கியின் செங்கல் ஓரத்தில்தான் முட்டையிடும். ஈஸ்டர் முடிந்த கையோடு அது பின்வாசலில் இருக்கும் துணி துவைக்கும் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது, எத்தனை விரட்டினாலும் கீழே போகவில்லை. என்னவென்று பார்க்க விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கடியில், தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில், ஊர்ந்து போனேன், முழங்கை சேற்றில் புதைந்தது.

நலம் விசாரிக்காமல் கோழியைப் பற்றி எழுதுகிறேன் என்று அம்மா கோபிக்கிறாள். கர்த்தர் தயவில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பால்டிமோரில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறோம். இது அம்மாவின் கடிதம் அண்ணா, புகையிலை கட்டிக் கட்டி அவள் விரல்கள் இப்போது பேனாவைப் பிடிக்க மடங்குவதில்லை, அதனால் முன்வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போகும்போது என் பேச்சையும் எழுதிக்கொள்கிறேன். எது யாருடையது என்று உனக்கே தெரியும்.

அம்மா சொல்வது, உனக்குத் தைத்து அனுப்பிய சட்டை வந்து சேர்ந்ததா என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. உருக்காலையில் நெருப்புப் பக்கம் நிற்கிறவன் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சோடா தண்ணீர் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போகிறாய், போகிறாயா இல்லையா என்று மழுப்பாமல் எழுது. மேபல் அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் வேலை சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. இந்த மாதக் கடைசியில் ஊர் திரும்பும் ஞாயிறு, நியூ யார்க்கிலிருந்தும் டெட்ராயிட்டிலிருந்தும்கூட எல்லார் பிள்ளைகளும் வருகிறார்கள், சபைக்குப் பின்னால் மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பாடு, நீ வரவில்லை என்றால் என்னை எல்லாரும் பார்க்கிற பார்வையை நான்தான் தாங்க வேண்டும் என்கிறாள்.

இப்போது அவள் உள்ளே போய்விட்டாள், சோள ரொட்டி வேகிறது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டுக்கடியில் நிற்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது தெரியுமா, பக்கத்து வீட்டில் இருக்கும் நம் சபை மூப்பர் ஸ்பைவியிடமிருந்து. அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் அப்பா காலத்திலிருந்து ஒரு வாய்க்கால் இருந்ததே, வசந்தத்தில் இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து தூர் வாருவார்களே, அதை அவர் மூடிவிட்டார். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டினார், லாரி லாரியாக மண் அடித்து அவர் நிலத்தை நம் ஜன்னல் விளிம்பு வரை உயர்த்தினார், வாய்க்கால் மேல் சுருளாக வாங்கிய புல் பத்தையை விரித்து அங்கே காரை நிறுத்துகிறார். அவர் கூரையில் விழும் மழை முழுவதும் இப்போது நம் அடிச்சுவருக்குள் வந்துதான் படுக்கிறது. அம்மா படுக்கும் அறைக்குக் கீழே உத்தரத்தில் கத்தியை வைத்து அழுத்திப் பார்த்தேன், கேக்கில் இறங்குவது போல இறங்கியது. அவள் கட்டிலின் ஒரு கால் இப்போதே தாழ்ந்துதான் நிற்கிறது, தூக்கத்தில் சுவர்ப் பக்கம் உருள்கிறேன் என்று அவள் சிரிக்கிறாள். அந்த உத்தரம் முறிந்தால் அறையோடு அவளும் கீழே போவாள். அப்பா கட்டிய வீடு, அதை நிமிர்த்தி வைக்க இங்கே நான் ஒருத்திதான்.

அம்மா போய்க் கேட்டாள். நான் அவள் பின்னால் நின்றேன். மூப்பர் தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் பேசினார். தண்ணி கர்த்தர் காட்டின பக்கம்தான் போகும் சகோதரி, எங்கிட்டக் கேட்டா நான் என்ன பண்ண, ஜெபத்துல வையுங்க என்றார். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, அண்டை வீட்டு ஆசீர்வாதத்தைப் பார்த்து வயிறெரிகிற ஒரு குடும்பத்துக்காக எல்லாரும் ஜெபிக்க வேண்டும், பெயர் சொல்ல விரும்பவில்லை என்றார். பெயர் சொல்லாததால் எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அம்மா தலை குனிந்து ஆமென் சொன்னாள். நான் சொல்லவில்லை. அன்றைக்கு என் வாய்க்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டு அடைத்தது போல இருந்தது, இன்று வரை அதைச் சப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பன்றிக் கொழுப்பு வரும் தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். பள்ளிக்கூடம் இல்லை, பகலெல்லாம் நேரம்தானே. புகையிலை நாற்றங்காலுக்கு மூடுகிற பிளாஸ்டிக் விரிப்பு பழையது ஒன்று கிடைத்தது, முன் பாதியில் மண்மேல் விரித்தேன். அந்தப் பக்கம் அடிச்சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளையும் தகரம் வைத்து அடைத்தேன், மூப்பர் வீட்டு நாய் உள்ளே வந்து படுக்கிறது என்பதற்காக, வேறு எதற்கும் இல்லை. பின் பாதித் துளைகள் எல்லாம் திறந்தே இருந்தன, உனக்குத்தான் தெரியுமே, ஈஸ்டர் மறுநாள் இந்தச் சாலையில் இருக்கிற எல்லா வீட்டிலும் துளையைத் திறந்துவிடுவார்கள், வீட்டடி காயட்டும் என்று, பிறகு பனி விழும்போதுதான் மூடுவது. ஜூலை வெயிலில் உள்ளே போய்ப் பார்க்கிறேன், திறந்த பக்கம் தண்ணீர்க் குழாய் வேர்த்துக் கொட்டுகிறது, பலகையில் வெள்ளையாகப் பூஞ்சை, ஆணிகளில் துளித்துளியாக நீர். அடைத்த பக்கம் பலகையைக் கையால் தட்டினால் தூசி பறக்கிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியில் வேர்க்கிறது இல்லையா, அதே சங்கதிதான் அண்ணா. நம் ஊர் வெயில்காலக் காற்றே பிழியாத துணி, அதை உள்ளே கூப்பிட்டால் குளிர்ந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. அம்மாவிடம் சொன்னேன், பின்பக்கத்தையும் அடைக்கட்டுமா என்று கேட்டேன். உங்கப்பா வருஷா வருஷம் தொறந்தாரு, ஊரே தொறக்குது, நீ மட்டும் புதுசாக் கண்டுபிடிச்சுட்டியாக்கும் என்று சொல்லிவிட்டாள்.

அவள் வருகிறாள். மழையில் கால் நனைந்தால் நீ உடனே துடைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நேற்று அதோடு நிறுத்தினேன் அண்ணா, இன்றைக்கு எழுத வேறு விஷயம் வந்துவிட்டது. அம்மா மேபல் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள், மூப்பர் நம் பின்வாசலில் வந்து நின்றார். அவர் புது வீட்டில் ஓக் மரத் தரை, வீடு முழுக்க ஏசி, குளிர்காற்றுக் குழாய்கள் எல்லாம் தரைக்கடியில்தான் போகின்றன. அந்தத் தரைப் பலகைகள் ஒவ்வொன்றும் ஓரம் தூக்கிக் கிண்ணம் போலக் குழிந்துவிட்டனவாம். ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கு வருகிற பெரிய போதகர் அவர் வீட்டில்தான் தங்குகிறார். அடியில் எங்கேயோ ஈரம், ஆனால் அவர் தொப்பை வீட்டடிக்குப் போகும் சின்னக் கதவுக்குள் நுழையாது. உங்கம்மா இல்லாட்டி என்ன, எனக்கு நீதான் வேணும், எலி மாதிரி உள்ள போயிட்டு வருவியே, என் வீட்டுக்கடியில ஒரு தடவ பாத்துச் சொல்லு பொண்ணே என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு வாய்க்கால் என்றேன். என்னது என்றார். வாய்க்காலத் தொறந்து விடுங்க, அப்புறம் வர்றேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் வேலிப் பக்கம் திரும்பி, எர்னஸ்டின், இங்க வந்து பாரு, இந்த வீட்டுச் சுவரு பேசுது என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா ஜன்னலிலிருந்தே, பேசுனா கேளுங்களேன், போதகர் என் வரவேற்பறையில தடுக்கி விழுந்தா நீங்களா தூக்கப்போறீங்க, உங்க ஜிப்பையே குனிஞ்சு பாக்க முடியாத மனுஷன் என்றாள். அவர் முகம் சிவந்தது. வேற ஆள் கெடைக்காமலா போவாங்க என்றார். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய் மண்வெட்டி எடுத்து வந்தார்.

காரை நகர்த்தி, புல் பத்தையைச் சுருட்டி, அவர் கொட்டிய மண்ணை அவரே வெட்டினார். சபைக்குப் போடுகிற கால்சட்டையோடு வெட்டினார். நான் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. நடுவில் தாகமாக இருக்கிறது என்றார், வீட்டுக்கடியில் தண்ணீர் மொண்ட அதே டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தேன், ஆனால் நன்றாகக் கழுவவில்லை. சாயங்காலத்துக்குள் வாய்க்கால் பழைய இடத்தில் இருந்தது, நம் அடிச்சுவர் ஓரமாக நான் ஏற்கெனவே கீறி வைத்திருந்த சின்னக் கால்வாய் வழியாக உள்ளே நின்ற தண்ணீர் ஒரு கறுப்புப் பாம்பு மாதிரி வெளியே வந்து அதில் இறங்கி ஓடியது. தண்ணீர் அவர் செருப்பைத் தொட்டுக்கொண்டு போனது. அம்மா அறைக்குக் கீழே இனி கல் அடுக்கி உத்தரத்தைத் தாங்கலாம் அண்ணா, காய்ந்த மண்ணில்தான் கல் நிற்கும்.

சொன்ன சொல்லுக்கு அவர் வீட்டுக்கடியில் போனேன். எவ்வளவு பெரிய வீட்டடி, அதற்குள் மழைத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, அதெல்லாம் நம்மிடம்தானே வந்தது. ஆனால் குளிர்காற்றுக் குழாய்கள் மாட்டின் மடி போலச் சொட்டிக்கொண்டிருந்தன, தரையின் அடிப்பக்கம் முழுக்க வேர்வை. நாலு பக்கமும் துளைகள் ஆவென்று திறந்திருந்தன. பார்த்ததும் புரிந்துவிட்டது. துளைகளை அடைத்து மண்மேல் பிளாஸ்டிக் விரித்தால் ஞாயிற்றுக்குள் இல்லாவிட்டாலும் பனிக்காலத்துக்குள் தரை மறுபடி சமமாகப் படிந்துவிடும். நான் அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு, என் மூக்குக்கு மேலே அவருடைய செருப்பு இப்படியும் அப்படியும் நடக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன்.

வெளியே வந்ததும், என்ன பொண்ணே, நான் நெனச்சதுதானே, காத்து பத்தல, அதானே என்றார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன், இதுவரை பார்த்ததில்லை, கண் சாம்பல் நிறம். ஆமாங்க ஐயா, காத்து பத்தல, இன்னும் துளை போடணும் என்றேன். நான் அப்பவே சொன்னேன்ல எர்னஸ்டின் என்று அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

இதை அம்மாவிடம் சொல்லாதே. வாய்க்காலைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள். கர்த்தர் அந்த மனிதர் இருதயத்தை இளக்கினார் என்று உன் அண்ணனுக்கு எழுது என்கிறாள், எழுதிவிட்டேன். அவர் இருதயம் இளகவில்லை அண்ணா, தரை வளைந்தது, அவ்வளவுதான். அவர் இன்னும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, சபையில் சொன்னதைச் சபையில் திருப்பி எடுக்கவும் இல்லை. அந்தத் தரை ஓடம் போல வளைந்து, அவர் அதன்மேல் தள்ளாடித் தள்ளாடி நடக்கிற வரைக்கும் நான் ஆமென் சொல்வதாக இல்லை.

மீதி அம்மா சொல்வது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், நெருப்பு உன் முடியைக்கூடத் தொடாமல் இருக்கட்டும். யாரோடும் பகை வைத்துக்கொண்டு தூங்கப் போகாதே. ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கு ஒரு நாள் முன்னதாகவே பஸ் ஏறு, அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா, வரும்போது அந்த ஊர் மீன் மசாலாப் பொடி மறக்காதே.

இப்படிக்கு, உன்னை எப்போதும் நினைக்கும் அம்மா
எழுதியது, தங்கை ரோவீனா

உறையை ஒட்டுவதற்குள் அம்மா, மூப்பருக்கு நன்றி சொல்லிவிட்டு வா என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு பணியாரத் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அவர் அடிச்சுவர் பக்கம் மண்டியிட்டு உளியும் சுத்தியலுமாக இருந்தார், புல்லெல்லாம் செங்கல் தூள். வாங்கி வைத்துக்கொண்டு, இது போதுமா பொண்ணே, இன்னும் வேணுமா என்று கேட்டார். நான் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன், பிறகு வரவேற்பறை மூலைக்கு நேராக, இங்கே இன்னொன்று என்று விரலால் காட்டினேன்.