மூன்றாவது டோக்கன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை, ஏன் என்று மேலே படி.

எங்கள் தையல் கம்பெனி லைனில் சட்டைக்குக் காஜா போடுகிறவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, இரண்டு பிள்ளைக்காரி, எப்போது பார்த்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் சூப்பர்வைசர் என்பதால் கழிவறைக்குப் போகிற டோக்கன் என் மேசையில்தான் இருக்கும், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று லைனுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் இரண்டையும் தீர்த்துவிட்டு மூன்றாவது கேட்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "கக்கூஸ்லயே ஒரு மெஷின் போட்டுத் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். முப்பது பேரும் சிரித்தார்கள். அவள் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டது. அப்போதும் சிரித்தார்கள், நானும்தான்.

கம்பெனிக்கு வரும் டாக்டரம்மா அவளை விசாரித்தபோது பக்கத்தில் நான் நின்றேன். மாதக்கணக்கில் வந்து வந்து போகும் வயிற்றுவலி, வெளிக்குப் போனால் கொஞ்சம் அடங்கும், நாலு நாள் பேதி, நாலு நாள் கட்டிக்கொள்ளும், வயிறு உப்பும், சளி மாதிரி போகும், போய்விட்டு வந்தாலும் முழுசாகப் போன மாதிரி இருக்காது, பயம் வந்தால் எல்லாம் கூடும், இதெல்லாம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள், எனக்கு நீ தலையாட்டுவது போலவே இருந்தது. பரீட்சை நாளெல்லாம் நீ கழிவறையே கதி என்று கிடந்ததும், நடிக்கிறாய் என்று நான் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டதும், கல்யாண வீட்டில் அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் உன்னைக் கக்கூஸ் ராசா என்று கூப்பிட்டதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. போன மாதம்கூட ஃபோனில், "சாப்பிடவே பயமா இருக்கும்மா, பஸ்ல ஏறப் பயமா இருக்கு, வேலைய விட்டுடலாமான்னு பாக்கறேன்" என்றாய். சோம்பேறிக்கு ஒரு சாக்கு என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். என் வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

அவளுக்கு இருப்பது ஐபிஎஸ் என்கிற குடல் கோளாறு என்றார் டாக்டரம்மா, உயிருக்கு ஆபத்தில்லையாம். ஆனால் உனக்கும் அதுதான் என்று நீயாக முடிவு கட்டாதே, போய்க் காட்டு. ரத்தம் போனாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தூங்கும்போது வலி எழுப்பிவிட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதே, அது வேறு ஏதாவதாக இருக்கலாமாம். எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்று எழுதி வை. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல், உன்னை வெட்கப்பட வைத்தது நான்.

அந்தப் பெண்ணை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. ஒழுங்கீனம் என்று எழுதி அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள், டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கேட்ட பிறகுதான் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், எனக்கு என் நாற்காலி பெரிதாகத் தெரிந்தது.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. டாக்டரிடம் மறக்காமல் ஒரு கடிதம் வாங்கி உன் மேலதிகாரி கையில் கொடுத்து வை. கண்டிப்பானவள், ஆனாலும் நல்லவள் என்கிறாய். என்னைப் பற்றியும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா