நீங்கள் குரல் கொடுத்த ஜப்பான் படங்கள்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கொடுத்த ஒரு கடதாசி என் முன்னால் கிடக்கிறது. 'ஜப்பானியக் கார்ட்டூன்கள் பிள்ளைகளின் மனதைக் கெடுக்கின்றன. பெற்றோர் அவற்றை வீட்டில் அனுமதிக்க வேண்டாம்' என்று தட்டச்சில் அடித்திருக்கிறார்கள். இன்று காலை நடந்த பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். கணக்காளராக வேலைசெய்யும் ஒரு தகப்பன் எழும்பி, "எல்லாம் சண்டையும் கத்தலும். எங்கட பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள்.

நான் கை உயர்த்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாம் அப்பிடியில்லை" என்று மட்டும் சொன்னேன். ஒரு கதிரையில் பின்வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இப்போது தொலைக்காட்சியில் வருகிறவற்றில் சண்டை அதிகம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த படங்கள் வேறு. அவற்றைப் பற்றி அந்த மண்டபத்தில் யாருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

வீட்டுக்கு வந்தேன். வாணி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் பாட்டு மாட்டியிருக்கிறாள். பதின்மூன்று வயது. கூட்டத்தில் நான் விழுங்கிய பேச்சைக் கேட்கக்கூடியவராக நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். உங்களை லண்டனின் அந்தக் கரையில், ஹரோவில் அடக்கம்செய்து நான்கு மாதமாகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

லூயிஷாமில் நாம் பங்குபோட்டு இருந்த வீட்டை நினைத்துக்கொள்கிறேன். மேலே உங்கள் அறை, கீழே எங்கள் அறை, இரண்டுக்கும் பொதுவாகச் சமைக்க ஒரு குசினி. நீங்கள் மன்னாரில் தொலைபேசி நிலையத்தில் வேலைபார்த்தவர். இங்கே ஃபின்ச்லியில் ஒரு ஜப்பான் குடும்பத்தின் வீட்டைத் துப்புரவாக்கப் போய்வந்தீர்கள். நானும் ஐந்து வயது வாணியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதமாகியிருந்தது. அவளுடைய அப்பா வீட்டு அலுவல்களை முடித்துக்கொண்டு பின்னால் வருவதாக இருந்தார். வரவில்லை. சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. என் மச்சான் தொலைபேசியில் சொன்னான். நான் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தது நீங்கள்.

வாணியிடம் நான் சொல்லவில்லை. "அப்பா கொழும்பில நிக்கிறார். விசா கிடைச்ச உடன வருவார்" என்றேன். எங்கள் அகதி விண்ணப்ப விஷயமாகக் குரோய்டனுக்குப் போகும் நாட்களில் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். அப்பாவின் விசாவுக்காகத்தான் போகிறோம் என்று அவள் நம்புவதாக நினைத்தேன். அவருடைய படத்தை அலுமாரிக்குள் ஒளித்துவைத்து, அவள் இல்லாத நேரம் அதற்கு ஊதுபத்தி கொளுத்தினேன். "அவளுக்கு ஒண்டும் தெரியக்கூடாது அக்கா" என்று உங்களிடம் சத்தியம் வாங்கினேன். நீங்கள் விருப்பமில்லாமல் தந்தீர்கள்.

அந்த மாதங்களில் வாணி வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். வீட்டிலும் 'ஓம்', 'வேண்டாம்' தவிர வேறில்லை. நான் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் ஆறு மணிவரை ஷிப்ட். அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து பார்த்துக்கொண்டவர் நீங்கள்.

ஒருநாள் ஒரு பெரிய பெட்டியைப் பஸ்ஸிலும் ரயிலிலும் சுமந்து வந்தீர்கள். ஜப்பான் குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது, இங்கே பதிவுசெய்த வீடியோ நாடாக்கள் அங்கே ஓடாதாம், அதனால் பிள்ளைகளின் படங்களையெல்லாம் உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்றீர்கள். "ஜப்பான் பாஷையில படம் பாத்து என்ன செய்யிறது?" என்று சிரித்தேன். "நான் கதைச்சுக் காட்டுறன்" என்றீர்கள்.

உண்மையாகவே கதைத்துக் காட்டினீர்கள். ஒரு சொல் விளங்காத படத்துக்கு, முகங்களைப் பார்த்துப் பார்த்து, மன்னார்த் தமிழில் குரல் கொடுத்தீர்கள். ஆற்றங்கரையில் படகு ஓட்டும் ஒருவர், அவருடைய சின்ன மகள், ஒரு நாய். மகளுக்குப் பூரணி என்று நீங்களே பெயர் வைத்தீர்கள். படகுக்காரருக்குத் தடித்த குரல், கடைக்காரிக்கு மூக்கால் பேசும் குரல். தொலைபேசி நிலையத்தில் எத்தனை ஆயிரம் குரல்களைக் கேட்டிருப்பீர்கள். ஒரு சனிக்கிழமை நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது வாணியின் குரல் வந்தது.

"அவ அப்பிடிச் சொல்லேல்லை பெரியம்மா. அவவுக்கு இப்பக் கோவம்."

"அப்ப என்ன சொல்லுறா?"

"'என்னையும் படகில கூட்டிக்கொண்டு போங்கோ' எண்டு சொல்லுறா."

வெங்காயத்தை வெட்டாமல் அப்படியே நின்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய முழு வசனம் அது.

அதன் பிறகு நானும் சில நாட்கள் உங்களோடு உட்கார்ந்து பார்த்தேன். மற்றக் கார்ட்டூன்களில் பூனை பாறைக்குக் கீழே நசுங்கும், அடுத்த நிமிடம் எழும்பி ஓடும். இதில் சோறு வடிக்கிறார்கள், ஆவி பறக்கிறது. மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள், மழை விடும்வரை படமும் நிற்கிறது. படகுத்துறையை மூடப் பார்க்கும் பொல்லாத மனிதருக்கும் வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு மகன் இருக்கிறான். பூரணிக்கு ஒருநாள் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. நீங்கள் சொன்னீர்கள்: "இதில பிள்ளையள் எண்டுபோட்டு ஏமாத்தேல்லை, கவனிச்சீரே?" கவனிக்கவில்லை அக்கா. அந்தச் சொல் என்னைத்தான் சுடுகிறது என்று நினைத்து எழும்பிக் குசினிக்குப் போனேன்.

பிறகு அந்த நாள். வேலை முடிந்து மழையில் நனைந்து வந்தேன். எங்கள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. திரையில் வெள்ளம் வடிந்த ஆறு. ஆட்கள் வெறும் படகைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அடுத்த காட்சியில் பூரணியும் தாயும் ஒரு படத்துக்கு முன்னால் கறுப்பு உடுப்போடு முழங்காலில் இருந்தார்கள். உங்கள் குரல் நின்றுபோயிருந்தது.

"என்ன சொல்லுகினம் பெரியம்மா?"

நீங்கள் சொன்னீர்கள். "அப்பா தூர ஊருக்கு வேலைக்குப் போட்டார் எண்டு சொல்லுகினம்."

"இல்லை. அவர் செத்துப்போனார். படத்துக்கு முன்னால ஊதுபத்தி கொளுத்துகினம், பாருங்கோ. எங்கட அம்மாவும் அலுமாரிக்குள்ள அப்பான்ர படத்துக்கு அப்பிடித்தான் கொளுத்துறவ."

நான் உள்ளே பாய்ந்து தொலைக்காட்சியை நிறுத்தினேன். பயத்தில் வந்த கோபத்தை முழுவதும் உங்கள்மேல் கொட்டினேன். ஏன் இதைக் காட்டினீர்கள் என்றேன். சத்தியம் செய்து தந்தீர்களே என்றேன். கடைசியாக, "உங்களுக்கெண்டு ஒரு பிள்ளை இருந்தால் விளங்கியிருக்கும்" என்றேன்.

எனக்குத் தந்த சத்தியத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னதாகக்கூட நீங்கள் சொல்லவில்லை. நாடாவை வெளியே எடுத்து, உறைக்குள் போட்டு, மற்ற நாடாக்களோடு ஒழுங்காக அடுக்கினீர்கள். பிறகு படியேறிப் போனீர்கள். உங்கள் நடையில் அதுவரை இல்லாத ஒரு பாரம்.

மூன்று நாள் ஒரே குசினியில் நாம் ஆளுக்காள் விலகி நடந்தோம். சனிக்கிழமை மாலை நீங்கள் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தீர்கள். வாணி தானே அந்த நாடாவை எடுத்துப் போட்டாள். நான் தடுக்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு விளங்காது என்று, உங்களைப் போலவே குரல் மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினாள். பூரணி தனியே படகுத்துறைக்கு வந்து, அப்பாவின் படகுக்குள் நிறைந்த மழைத்தண்ணீரைச் சிரட்டை மாதிரி ஒன்றால் அள்ளி ஊற்றினாள். திரும்பத் திரும்ப அள்ளினாள். இசையும் இல்லை.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?"

"இப்ப ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை அம்மா. சும்மா பாத்துக்கொண்டிருக்கவேணும்."

பார்த்துக்கொண்டிருந்தோம். படகில் தண்ணீர் வற்றியபோது நான் சொன்னேன். "வாணி, எங்கட அப்பா…"

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"டெலிபோன் வந்த அண்டைக்கு."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீங்கள் அழுவியள் எண்டு."

"அப்ப குரோய்டனுக்கு ஏன் என்னோட வந்தனீ?"

"நீங்கள் தனியப் போகவேணுமே. அதுதான்."

டெலிபோன் வந்து எட்டு மாதம் அக்கா. நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதோம். நீங்கள் பூசையால் வந்து, கதவடியில் நின்று எங்களைப் பார்த்தீர்கள். உள்ளே வரவில்லை. குசினிக்குப் போய் மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தந்தீர்கள், வழக்கம்போல அளவுக்கு மீறிச் சீனி போட்டு. அடுத்த நாள் அவருடைய படத்தை அலுமாரியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்ட ஆணி அடித்ததும் நீங்கள்தான்.

ஆனால் நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீர் குடித்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உங்களுடைய பெரியப்பாவின் மகள் ஹரோவில் வீடு வாங்கியபோது நீங்கள் அவவோடு போய்விட்டீர்கள். லண்டனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மூன்று ரயில் மாறவேண்டும். முதலில் மாதம் ஒருமுறை வந்தேன். பிறகு ஆடி, மார்கழி விடுமுறைக்கு மட்டும். பிறகு ஞாயிறு தொலைபேசி மட்டும். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க நினைப்பேன். ஒவ்வொரு முறையும் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைப்பேன். கடைசியாகக் கதைத்தபோது, வாணி அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்று முறையிட்டேன். "நீர் போய்ப் பக்கத்தில இரும். ஒண்டும் கேக்கவேண்டாம்" என்றீர்கள்.

அடக்கத்தன்று மயானத்தில் நல்ல குளிர். வாணி என் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் கலைந்து கார்களை நோக்கி நடந்தபோது, உங்கள் பெரியப்பா மகளின் பேத்தி, நாலு வயதிருக்கும், அந்த மண்ணைப் பார்த்தபடி நகராமல் நின்றாள். பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்தானாம், உங்களையும் அம்மம்மா என்றுதான் கூப்பிடுவாளாம். "அம்மம்மா எங்க?" என்று தாயிடம் கேட்டாள்.

"ஊருக்குப் போட்டா செல்லம். வா, குளிருது" என்றாள் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தத் தாயில் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையோடு கொஞ்சம் நிற்கட்டுமா என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். நான் ஈரப்புல்லில் முழங்காலிட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தேன்.

"அம்மம்மா செத்துப்போனா. இனி வரமாட்டா. இங்கதான் வைச்சிருக்கிறம்."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "நீங்கள் அழுறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். அவள் தன் கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.