எடுக்காத சீட்டு

7-6, சனி

வெயில். மின்விசிறி சுற்றினாலும் அனல்தான். எதிர் வீட்டில் தறிச் சத்தம் இல்லை, பாவு நூல் தீர்ந்துவிட்டதாம்.

மூன்று மணிக்குச் சபைக் கூடத்தில் போக்கர் சீட்டாட்டம். பாஸ்டர், நான், என் பழைய சிநேகிதன் தேவா. காசு கிடையாது, புளியங்கொட்டை. ஆளுக்கு ஐம்பது.

பாஸ்டர் சின்ன வயசு. சீட்டு ஆடினாலும் வேதம் சொல்வார். "கையில வந்த ரெண்டு சீட்டு கர்த்தர் குடுத்தது, தாத்தா. மாத்திக்க முடியாது. எப்படி ஆடுறோம்ங்கறதுதான் நம்முது." சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினால் தாழ்மை. எல்லாக் கொட்டையையும் நடுவில் தள்ளினால் விசுவாசம். நானும் ஒன்று கண்டுபிடித்தேன், சொல்லவில்லை: சீட்டை மறைக்கலாம், உடம்பை மறைக்க முடியாது.

தேவா கையில் ஒன்றும் இல்லாமல் ஏமாற்றும்போது தோள் துண்டை இடமிருந்து வலத்துக்கு மாற்றுவான். பஸ் ஓட்டின காலத்திலும் அப்படித்தான். டிப்போவில் தாமதத்துக்குப் பொய் சொன்னபோது பார்த்திருக்கிறேன். முப்பத்தாறு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பச்சைக் கரைத் துண்டு.

இன்று என்னிடம் பதினெட்டுக் கொட்டை ஜெயித்தான். "சாமுவேலு, நீ சாயப்பட்டறைக்குதான்பா லாயக்கு. மூஞ்சியிலயே கலர் தெரியுது."

நாளை ஆராதனை முடிந்து கல்லறை இடத்துக்குச் சீட்டுப் போடுகிறார்கள். தூக்கம் வருமா தெரியவில்லை.

8-6, ஞாயிறு

காலை மேகம். மழை இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். என் மனைவி ரேச்சலுக்குப் பக்கத்தில். இனி யார் போனாலும் ஏனாத்தூர்ப் பக்கம் வாங்கின புது நிலம்தான். அந்த இடம் எனக்கு வேண்டும். தேவாவுக்கும் வேண்டும். அவன் மனைவி மேரி படுத்த படுக்கை, அவள் அம்மா அதே வரிசையில் இருக்கிறாள். போன மாசம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டான். முடியாது என்றேன். அவன் கோபப்படவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் சபையில் இழுபறி வந்தால் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவது பழக்கம். செயலர் பேர் எழுதி மடிப்பார். பாஸ்டர் கண்ணை மூடி ஒன்று எடுப்பார். எடுக்காததை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் கர்த்தரைச் சந்தேகப்பட்டதாகும்.

செயலர் தேவாதான். அதை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

ஞானஸ்நானக் கிண்ணத்தில் இரண்டு சீட்டு. பாஸ்டர் எடுத்தார். தேவசகாயம் என்று இருந்தது, தேவாவின் முழுப் பேர்.

"ரெண்டு பேரும் சரிதானே?" என்றார் பாஸ்டர். தேவா "சரிங்க பாஸ்டர்" என்றான். துண்டு இடத் தோளில் இருந்து வலத் தோளுக்குப் போனது.

மத்தியானம் சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

10-6, செவ்வாய்

பால், சர்க்கரை மாத்திரை, பல்பு ஒன்று. பல்பு மறந்தேன்.

ஒரு துண்டை வைத்து ஒரு மனுஷனைச் சந்தேகப்படுவதா? வியர்த்திருக்கும். மாற்றியிருப்பான்.

இந்த நோட்டு ரேச்சலுடையது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத எனக்கு, அறுபத்தெட்டு வயதில் வேதத்தை மடியில் வைத்து அவள்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தாள். வெளியே யாருக்கும் தெரியாது. தேவாவுக்கும் தெரியாது. பஸ் போர்டு, மருந்துப் பெயர், பேரனின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் இன்றுவரை அவன்தான் எனக்கு வாசிப்பான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். சொன்னால் அவன் முகம் விழுந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஆக, நானும் ஒரு சீட்டை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக.

14-6, சனி

மூன்று சொட்டு மழை. மண் வாசனைகூட வரவில்லை.

போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன்.

நாலாவது ஆட்டம். தேவா இருபது கொட்டை தள்ளினான். துண்டு மாறியது. என் கையில் வெறும் ஏழாம் நம்பர் ஜோடி ஒன்று. மொத்தத்தையும் தள்ளி "காட்டு" என்றேன். காட்டினான். ஒன்றுமில்லை.

பாஸ்டர் சிரித்தார். "பாத்தீங்களா தாத்தா, கேட்டாதான் தெரியும். கேக்காம உட்டா பொய்யே ஜெயிச்சிக்கினு போயிடும்."

வாய் தானாகத் திறந்தது. "பாஸ்டர், அன்னிக்கு எடுக்காத சீட்டு எங்க?"

"வேதத்துக்குள்ளதான் கீது. எரிக்க மறந்துட்டேன். ஏன் தாத்தா?"

"பாக்கணும்."

"அது வழக்கமில்லியே..." என்று தேவாவைப் பார்த்தார். தேவா சிரித்தான். "அவன் ஆசைய ஏன் கெடுக்கணும்? என்னாண்ட குடுங்க, நான் படிச்சிக் காட்றேன். அவனுக்குத்தான் எழுத்து தெரியாதே."

வாங்கினான். என் முகத்துக்கு நேராகவே பிரித்தான். ஒளிக்கக்கூட இல்லை. விரலை வைத்து, எப்போதும் எனக்கு வாசிப்பதுபோல மெதுவாக, "சா-மு-வேல்" என்றான்.

காகிதத்தில் முதல் எழுத்து தே.

பாஸ்டர் அந்தப் பக்கம் கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தேவா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "திருப்திதானே?" என்று என் முதுகைத் தட்டினான்.

"திருப்தி" என்றேன்.

இடம் போனது ஒரு பக்கம். அந்த விரல்! ரேச்சலின் பரிசோதனைக் காகிதத்தை எனக்கு வாசித்ததும் அதே விரல்தான். "ஒண்ணும் இல்லபா, சரியாயிடும்" என்றான் அன்றைக்கு. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. அது நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருந்ததா? கேட்க இனி ஆளில்லை.

15-6, ஞாயிறு

மூட்டம். வெள்ளை வேட்டி.

ஆராதனையில் பாடம் வாசிப்பது தேவாதான், வழக்கமாக. பாஸ்டர் கூப்பிட்டார். அவன் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். முன் வரிசையில் யாரோ, "தாத்தாவுக்கு இன்னாச்சு?"

இன்றைய பாடம் முழுக்கப் பேர்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று ஒரு பக்கம். கூட்டிக் கூட்டி வாசித்தேன். இரண்டு பேர் தடுக்கியது, திருப்பி வாசித்தேன். ஒரு குழந்தை அழுதது. ஒரு பேரும் விடவில்லை.

முடித்து நிமிர்ந்தேன். தேவா என்னைப் பார்க்கவில்லை. துண்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

வெளியே செருப்பு விடும் இடத்தில் வந்து நின்றான்.

"எப்பலேர்ந்து?"

"ரேச்சல் இருக்கசொல்லவே."

"அப்ப நேத்து..."

"படிச்சேன்."

செருப்பைக் காலால் நகர்த்தினான். பிறகு, "மேரி தெனமும் கேக்கறாடா. அம்மாகிட்டதானே என்னை வெப்பேன்னு."

"நானும் ரேச்சல் பக்கத்துல படுக்கணும்னுதானே கேட்டேன்?"

அவன் சர்ச் கேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீயே பாஸ்டராண்ட போ. அந்தச் சீட்ட உன் கையாலயே காட்டு."

வீட்டுக்கு வந்துவிட்டேன். அரிசி ஊற வைத்தேன். மணி பன்னிரண்டேகால். இந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் சர்ச் கேட் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மழை பிடித்துவிட்டது. துண்டு எந்தத் தோளில் என்று இங்கிருந்து தெரியவில்லை.