மலட்டாறு என்று யார் பெயர் வைத்தது

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நேற்று மதியம் லாரி வந்து வாசலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. இப்போதெல்லாம் கல்லை உடைத்துப் பொடியாக்கித்தானே மணல் என்று விற்கிறார்கள், இதுவும் அதுதான் போலிருக்கிறது என்று கதவைச் சாத்தப் போனேன். சாத்த முடியவில்லை. ஈர மணலின் வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. ஆற்று மணல்! எந்த ஆற்றில் அள்ளினார்களோ, யார் கண்டது. செருப்புக்கூட மாட்டாமல் போய்க் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது. "இன்னா ஆயா தேடுற? ஏதாவது வுழுந்துடுச்சா?" என்று கேட்டார் கொத்தனார். ஆமாம்பா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து உன் நினைப்புதான். உன்னிடம் பேச எனக்கு வேறு வழி இல்லை, அதனால் எழுதுகிறேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சே கடுதாசி போடுறியாடி?" என்று நீ கேட்பாய். கேளேன். கேட்டால் போதும்.

நான் திமிரிப் பக்கத்துப் பெண். ஏரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி நம் ஊருக்கு வந்த முதல் கோடையில் மாமியார் குடத்தைக் கொடுத்து, ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வா என்றார். போய்ப் பார்த்தால் இக்கரையிலிருந்து அக்கரை வரை வெறும் மணல். கண் கூசுகிற வெள்ளை மணல், நடுவில் ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான். புது மருமகளைக் கேலி செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாய். நீயும் அந்தத் தை மாதம் வந்த மருமகள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. "இன்னாடி முழிக்கிற? தண்ணி தூங்குது. தட்டி எழுப்பணும்" என்று சொல்லிக் கொட்டாங்கச்சியால் மணலைத் தோண்ட ஆரம்பித்தாய். குழி ஆழமாக ஆகப் பக்கவாட்டில் மணல் கறுத்தது, கசிந்தது, அடியில் தண்ணீர் தேங்கியது. கலங்கலாக வந்ததை வாரி வெளியே ஊற்றினாய். தெளிந்ததும் ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்திருந்தாய். விழுங்கிவிட்டு என்னிடம் கொட்டாங்கச்சியை நீட்டி, "ம், குடி" என்றாய்.

அதற்கப்புறம் எத்தனை வருஷம் நீ "ம், குடி" என்று சொன்ன பிறகுதான் நான் குடித்திருக்கிறேன்!

அந்த ஆற்றை எனக்குக் காட்டியதும் நீதான். விறகுக்குப் போகிற சாக்கில் கரையோடு கரையாக வடக்கே நடப்போம். தெலுங்கு தேசத்து மலைகளில் பிறந்து, பாறை பாறையாக இறங்கி, பேரணாம்பட்டுப் பக்கமாக வந்து, நம் ஊரைத் தாண்டி ஆம்பூர் பக்கம் பாலாற்றோடு சேருகிற சின்ன ஆறு. மலையில் மழை பெய்தால் சில நாள் செக்கச்செவேல் என்று ஓடும். மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில்தான். ஆனால் கரையைப் பார்த்தால் அது தெரியாது. கோடையிலும் புங்கமரங்கள் துளிர்த்து நின்றன. மேட்டில் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்தது. வளைவுகளில் நாணல் ஆள் உயரம் நின்றது, ஐப்பசியில் வெள்ளையாகப் பூக்கும். நாவல் பழத்துக்காக நாம் இருவரும் கல் விட்டு, ஒருமுறை அது போகிறவர் தலையில் விழுந்து, நாணலுக்குள் ஒளிந்துகொண்டு சிரித்தோமே. இத்தனையும் ஈரம் இல்லாமலா வளரும்? ஆனாலும் மேலே தண்ணீர் தெரியவில்லை என்று அதற்கு மலட்டாறு என்று பெயர்.

உன் வீட்டிலும் அந்த வார்த்தைதான் நடமாடிக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். உனக்கு இல்லை. உன் மாமியார் மாட்டைத் திட்டுகிற சாக்கில் மலடு, மலடு என்று உன் காது கேட்கத் திட்டுவாள். வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் பின்னால் நிற்க வைப்பார்கள். ஒருநாள் ஊற்றில் கை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "இதுக்கும் எனக்கும் ஒரே பேருடி. ஆனா ஊரே இதைத்தான் குடிக்குது. மேலாக்கப் பாத்துப் பேரு வெச்சுட்டானுங்க. எவனும் நோண்டிப் பாக்கல." நான் அழுதேன். நீ அழவில்லை. "இந்த ஆறு உள்ளார ஓடுற வரைக்கும் எவ இன்னா சொன்னாலும் எனக்கு இன்னாடி?" என்றாய். ஆற்றை ஒட்டிய கடைசி நிலம் உங்களுடையது. அதன் கிணற்றுக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்துதான் கசிந்து வந்தது. வரப்போரம் நீ தென்னம்பிள்ளைகள் வைத்திருந்தாய். பிள்ளை என்றுதான் அதையும் சொல்கிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

என் வீட்டுக்காரர் ஆறு வருகிற வடக்குப் பக்கம் இருந்த டேனரியில் தோல் ஊற வைக்கிற வேலை பார்த்தார். உனக்குத் தெரியாததா? சாயங்காலம் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்துவிடும். சுண்ணாம்பு, பச்சைத் தோல், மரப்பட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. அந்த நாற்றத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அந்தச் சித்திரையை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் மலைப் பக்கம் இடி இடித்தது. மின்னல் வெட்டியது. ஊரே வடக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் நானும் நீயும் ஊற்றங்கரையில் இருந்தபோது நீதான் முதலில் பார்த்தாய். மணல்மேல் செவ்வண்ணமாக ஒரு தண்ணீர், ஓரத்தில் நுரை தள்ளிக்கொண்டு, மெதுவாக ஊர்ந்து வந்தது. "வந்துடுச்சுடி! ஆத்துல தண்ணி வந்துடுச்சுடி!" என்று கத்தினாய். புதுத்தண்ணீர் வந்தால் மஞ்சள், குங்குமம் போட்டு, வெற்றிலையில் சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவது நம் ஊர் வழக்கம். பிள்ளை பெற்ற மூத்த சுமங்கலிதான் முதலில் செய்யவேண்டும். நீ எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. நீ என்னைப் பார்த்தாய். "நீயே பண்ணுடி, யாருன்னு பாக்க ஆத்துக்கு இன்னா கண்ணா கீது?" என்றேன் நான். ஓடிப்போய் வீட்டிலிருந்து எல்லாம் எடுத்து வந்தாய். சூடத்தை விட்டாய், கும்பிட்டாய். இரண்டு கையாலும் தண்ணீரை வாரித் தலையில் தெளித்துக்கொண்டாய், ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தாய்.

அதற்குள் எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் என் வீட்டுக்குள் வருகிற வாசனை. சட்டையைத் துவைத்துத் துவைத்து என் கையில் ஏறிப்போன வாசனை. "துப்புடி! துப்பு!" என்று கத்தினேன். நீ துப்பினாய். துப்பிக்கொண்டே இருந்தாய். அப்புறம்தான் தெரிந்தது, மலையில் மழையே இல்லை, வெறும் இடிதான். டேனரியில் தோல் ஊறிய பட்டைத் தண்ணீர்க் குழிகளை ஆற்றில் திறந்துவிட்டிருந்தார்கள். சூடம் அணைந்து, வெற்றிலை அந்த நுரையில் மாட்டிக்கொண்டு சுற்றியது.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "நான் இன்னா பண்ணட்டும்? குழியைத் தொறந்து வுடுறான். ஏன்னு கேட்டா நாளைக்கு என்னை டேனரி கேட்டாண்டையே நிறுத்திடுவான். அப்புறம் பசங்களுக்கு இன்னா போடுவ, மணலையா?" என்றார். மறுநாள் காலையில் எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வேன், சொல்.

ஊர் சொன்னது அதைவிடக் கொடுமை. கண் இல்லையா, மூக்கு இல்லையா அந்த ஜனங்களுக்கு? எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டியதுதானே! யாரும் போகவில்லை. பாதி வீட்டுச் சோறு அந்தக் கேட்டுக்குள்ளிருந்து வந்தது. அதனால் அவர்களுக்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது. "மலடி போய் முதல்ல சூடம் காட்டினா ஆறு கெடாம இன்னா பண்ணும்?" என்று உன் மாமியாரே ஊற்றங்கரையில் சொன்னாள். நான் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனேன். "எங்க வூட்டுக்காரரு சட்டையை மோந்து பாருங்கடி, எது கெடுத்துச்சுன்னு தெரியும்!" என்று கத்தினேன். ஒருத்தி சொன்னாள், "அப்போ உம் புருஷன வேலைய வுடச் சொல்லேன்." நீதான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தாய். "அண்ணன் மேல கோவிச்சுக்காதடி. அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்" என்றாய். உனக்காகச் சண்டை போட வந்தவளுக்கு நீ சமாதானம் சொன்னாய்.

அதற்குப் பிறகு நாம் ஊற்றை இடம் இடமாக மாற்றித் தோண்டினோம். டேனரிகள் பெருகின. முதலில் உப்புக் கரித்தது, பிறகு கசந்தது. ஆவாரம் செடிகள் தாக்குப்பிடித்தன, புங்கமரங்கள் ஒவ்வொன்றாக உச்சியிலிருந்து காய்ந்தன. ஆட்காட்டிக் குருவி எப்போது கத்துவதை நிறுத்தியது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஒருநாள் குழியில் தண்ணீர் தெளியும்வரை காத்திருந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தாய். நான் கொட்டாங்கச்சிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நீ தரவில்லை. "குடி" என்றும் சொல்லவில்லை. துப்பிவிட்டு, காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடினாய். அதற்கப்புறம் நீ ஆற்றில் இறங்கவே இல்லை.

உன் கிணறு அதைவிட மெதுவாகச் செத்தது. தென்னைகளில் தேங்காய் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிறுத்தது, அப்புறம் குரும்பையாகவே உதிர்ந்தது. நீ விளக்குமாறு எடுத்துப் பெருக்கிக்கொண்டே இருந்தாய். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு நீங்கள் ஆம்பூருக்கு வந்தபோது, ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவுகிற வேலைதான் உனக்குக் கிடைத்தது. "பாத்தியாடி, கடைசியில நானும் உன் வூட்டு வாசனைக்கே வந்துட்டேன்" என்று புடவைத் தலைப்பை மோந்து காட்டிச் சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

நாங்களும் இங்கேயே வந்தோம். அவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் பெரியவர்கள் ஆனார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்து நாம் கிழவிகளும் ஆனோம். ஆற்றைப் பற்றி மட்டும் நீ பேசவே இல்லை.

நீ போன அன்றைக்கு உன்னை ஊருக்குத்தான் கொண்டு போனார்கள். குளிப்பாட்ட ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருவதுதானே வழக்கம். குடத்தோடு கரை வரை போனோம். மணலே இல்லை, அள்ளி அள்ளிப் பாதி ஆறு பள்ளம். மீதி சீமைக் கருவேலம். பள்ளத்தில் தேங்கிக் கிடந்ததைப் பார்த்தோம். அதை உன்மேல் ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வந்தது, அதன் குழாயைத் திறந்து குடத்தை நிரப்பினோம். முதல் சொம்பை ஊற்றப் பிள்ளை பெற்றவள், மூத்தவள் என்று யார் யாரையோ கூப்பிட்டார்கள். நான் வழி விடவில்லை. ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை, கசப்பும் இல்லை, எந்த ருசியும் இல்லை. குனிந்து உன் காதில் மட்டும் சொன்னேன்: "ஊத்துத் தண்ணிதான்டி. நோண்டி எடுத்தாந்தேன்." பிறகுதான் உன் தலையில் ஊற்றினேன்.

இப்போது கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். தினமும் காலையில் டம்ளரில் பிடித்து, ஒரு வாய் நாக்கில் வைத்துக்கொண்டு நிற்பேன். "ஃபில்டர் தண்ணிதான் ஆயா, இன்னாத்துக்கு டேஸ்ட் பாக்குற?" என்று பேத்தி சிரிக்கிறாள். ருசி பார்க்கவில்லையடி. நீ "ம், குடி" என்று சொல்ல வேண்டும், அதற்காக நிற்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே விழுங்கிவிடுகிறேன்.