பதினோராவது கேள்வி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாத்தனார் வீட்டில் மாடிப்படி அதிகம் என்று கேள்விப்பட்டேன். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். பாப்பா நலம். கடைவாய்ப் பல் இரண்டு வந்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து, "ஊசி போடவா?" என்று மிரட்டுகிறாள். என்னை "எங்க வீட்டு ஊசிக்காரி" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவீர்களே, அந்தப் பட்டத்தை இப்போது அவள் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்கு அந்தப் பட்டம் இன்னும் எத்தனை நாளோ, தெரியவில்லை அத்தை.

எங்கள் செவிலியர் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் பதினோராவது கேள்வி: உங்களுக்கு எதிராக நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு ஏதேனும் உள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். விளக்கம் எழுத மூன்று வரி இடம்.

பாதுகாப்பு கேட்டுப் போனது நான்தான். ஆனால் உங்கள் மகனும் நெற்றியில் மூன்று தையல் போட்ட சீட்டை வைத்து எனக்கு எதிராக ஒரு மனு போட்டிருந்தார். அவருடைய வக்கீல் என்னிடம் வந்து, "நடத்தினா மாசக்கணக்காகும்மா. ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் போக மாட்டோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்" என்றார். பாப்பாவுக்குக் காய்ச்சல். என் தோளில் வாந்தி எடுத்திருந்தாள். போட்டுவிட்டேன். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடுகிற நான், அந்தத் தாளை இரண்டாம் முறை படிக்கவில்லை. அதன்படி அவரிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு, என்னிடமிருந்து அவருக்கும் பாதுகாப்பு.

அவருக்கு ஒன்றும் ஆகாது. டைல்ஸ் விற்க யாரும் பதிவு கேட்பதில்லை. நான் கைக்குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவள்.

கூட வேலை செய்கிறவள், "இல்லைன்னு போட்டுட்டுப் போடி, யாரு தோண்டிப் பாக்கப் போறா" என்றாள். உண்மையைச் சொன்னால், பேனா அந்தக் கட்டம் வரைக்கும் போனது. தலைமைச் செவிலியர்தான், "உத்தரவுக்குக் காரணம் சொல்லலாம். பொய்க்கு என்னத்தச் சொல்லுவ?" என்றார். ஆம் என்று போட்டேன். பதிவைப் புதுப்பிக்கலாமா என்று இருபத்தாறாம் தேதி விசாரணை. அதுவரை வார்டுக்குள் போகக் கூடாது. மருந்து அறையில் பதிவேடு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அழுவது கேட்கிறது. எது பசி, எது ஊசி ஏறிய கை வீங்கி அழுவது என்று இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து போக முடியவில்லை. அந்தப் பதிவு போய்விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், பாப்பாவை எப்படி வளர்ப்பேன்?

நான் அவரைத் தள்ளினேன், நெற்றி கதவு விளிம்பில் பட்டது. அது உண்மை. அவர் என் கழுத்தைப் பிடித்திருந்தார், பாப்பா என் இடுப்பில் இருந்தாள். அதுவும் உண்மை. முன்னதற்குத் தையல் சீட்டு இருக்கிறது. பின்னதற்கு நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

மறுநாளே நாத்தனார் வீட்டுக்கு நீங்கள் புறப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. பெற்ற வயிறு. பிள்ளையைக் காட்டிக்கொடுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இதையே மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பாப்பா தூங்கி வெகு நேரமாகிறது.

ஆனால் அன்று அவர் எழுவதற்குள் எங்கள் இரண்டு பேரையும் உங்கள் அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டது நீங்கள்தானே அத்தை. வெளியே அவர், "அம்மா, கதவத் திற" என்று தட்டத் தட்ட, கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். அன்று முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவரைப் பற்றி எதுவும் வேண்டாம். தாழ்ப்பாள் போட்டேன் என்று ஒரு வரி போதும். ஏன் போட்டீர்கள் என்பது படிக்கிறவர்களுக்குப் புரியும். தபால் வந்து சேர ஆறு நாளாவது ஆகும்.

எழுத முடியாவிட்டாலும் உங்கள் அறை உங்களுக்குத்தான். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன், காலை வெயில் முழங்காலுக்கு நல்லது. பாப்பாவுக்கு உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு ஊசிக்காரி