உனக்கு விரிக்காத கட்டில்

இன்று காலை மருமகள் மடக்குக் கட்டிலை வெயிலில் போடச் சொன்னாள். மூட்டைப்பூச்சி. கதவுக்குப் பின்னாலிருந்து அதை இழுத்தபோது உன் ஞாபகம் வந்தது. உள்ளே டிவியில் இஸ்ரேலும் பாலஸ்தீனமும் மறுபடி பேசப் போவதாகச் செய்தி.

நீ தமிழ்நாட்டிலிருந்து பர்மாவுக்கு, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றும் இதே செய்திதான். நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய காலத்தில், எட்டு வயதில், இந்த வீட்டை விட்டுப் போனவன் நீ. "நாங்க திரும்பி வர்ற வரைக்கும் பாத்துக்கப்பா" என்று உன் அப்பா என் அப்பாவிடம் ஒப்படைத்த வீடு. பார்த்துக்கொண்டோம். என் கல்யாணம், பிள்ளைகள், பேரன் எல்லாம் இங்கேதான்.

டிவியைப் பார்த்து நான் நியாயம் பேசினேன். "எல்லையப் பிரிச்சுக்கலாம், தண்ணியப் பங்கு போட்டுக்கலாம், ஜெருசலேமுக்குக்கூட ஒரு வழி பண்ணலாம். யார வெரட்டுனாங்களோ அவன் வீட்ட அவன்கிட்டயே குடுத்துறணும்டா. அதான் தர்மம்." ஊருக்கு உபதேசம் என்றால் எனக்கு எப்போதும் வாய் நீளம்.

நீ டீயை ஆற்றிக்கொண்டே, "இப்ப அந்த வீட்டுல இருக்கிறவன் எங்கடா போவான்?" என்றாய். "அவன் புள்ளைங்களும் அங்கதானே பொறந்திருக்கும். அதத்தான் யாரும் பேசி முடிக்கல." கொஞ்சம் கழித்து, "இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கயே படுத்துக்கட்டுமா?" என்று கேட்டாய்.

விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீசில் பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த விலாசத்துக்கு நேரே உன் பேரை என் கையாலேயே எழுதுவதா? எந்தக் காகிதமும் இல்லாமல் கைக்கு வந்த வீடு இது. "வெளிநாட்டுக்காரங்கள வீட்டுல தங்க விடமாட்டாங்கடா. கட்டிலும் இல்ல" என்றேன். கட்டிலின் கால் கதவுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய்.

பக்கத்துப் பேட்டை தாமுவேயில் ஒரு லாட்ஜில் உன்னை விடக் கிளம்பியபோது, பேரன் பர்மா பாஷையில் இவர் யார் என்று கேட்டான். நீ பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, விருந்தாளி என்று சொன்னேன்.

உன் சாவை உன் மகன் போனில் சொன்னபோது அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் ஒன்று வந்தது. இனி நீ வந்து இந்த வீட்டைக் கேட்கமாட்டாய் என்ற நிம்மதி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நிம்மதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, உன் வீட்டைப் போலவே.