அயினி மரத்தில் நான் எழுதிய பெயர்

என் உயிரான அக்காவுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். வரி மேலே ஏறுகிறது; இழுத்துப் பிடித்தால் கீழே போகிறது. ஆனாலும் இது நானே எழுதுவதாக்கும். நீ ஊரில் இருந்தவரை எனக்கு வந்த கடுதாசியெல்லாம் நீதான் வாசித்தாய். நீ போன பிறகு, சபைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

இப்போது ஒரு குழப்பம். உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

கோடை விடுமுறைக்கு நம் சபை, குன்னத்துகால் குன்றில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முகாம் போட்டிருக்கிறது. ஓலைக் கொட்டகை, கஞ்சியும் பயறும், காலையில் காடு சுற்றல். மரம் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிவந்தார்கள். இருபது பிள்ளைகள். தமிழ் பேசுகிறதும் உண்டு, மலையாளம் பேசுகிறதும் உண்டு. "பாட்டா, இது என்ன மரம்?" என்று ஓயாத கேள்வி. மரத்திலேயே பெயர் எழுதிவிடலாமே என்றார் முகாம் நடத்தும் வாத்தியார். நான் சுண்ணாம்பைக் கரைத்து, பாதையோர மரங்களில் எல்லாம் எழுதினேன். அயினி. பிலாவு. புன்னை. அக்கா, என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

நம் ஊரில் சுண்ணாம்பு பட்ட மரம் வெட்டுக்கு விற்ற மரம். அது எப்படி எனக்கு மறந்துபோனது? மறுநாள் காலை, குன்றடியில் இருக்கும் மலையாளத்து அம்மை பாறுக்குட்டி ஓடிவந்தார். "என்றெ பிலாவு ஆரு வித்தது?" அதற்குள் கடைத்தெருவில் வேறு பேச்சு. தமிழ்நாட்டையும் மலையாளத்தையும் பிரிக்கப்போகிற எல்லை அந்த மரங்கள் வழியாகத்தான் போகப்போகிறதாம், தமிழ்க்காரர்கள் அடையாளம் போட்டுவிட்டார்களாம்.

உச்சிப்பொழுதில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"ஆரு எழுதினது?"

"நானாக்கும். பிள்ளையளு படிக்கதுக்கு."

"வயசுகாலத்துல உமக்கு எல்லை அளக்குற வேலையா?" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அழிக்காவிட்டால் முகாமைக் கலைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றார்.

பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். முகாம் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தேங்காய்த் தொண்டு எடுத்து, அந்த நாரை நனைத்துத் தேய்த்தேன். வாத்தியார் கைகொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். பட்டை வெடிப்புக்குள் போன சுண்ணாம்பு லேசில் வரவில்லை.

அழித்ததும் தீர்ந்ததா? நம் தமிழ் ஆட்கள் வழியில் மறித்தார்கள். "எலே தாசா, போலீசு சொன்னா அழிச்சுப்போடுவியா? நம்ம மரத்த அவனுவளுக்கு விட்டுக்குடுத்தாச்சா?"

"மரம் எங்கயும் போவல்ல மக்கா, அங்கதான் நிக்குது" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே விளங்கவில்லை. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போகிறவர்கள் பக்கம்தான் என் மனசும். எழுதினதும் தப்பு, அழித்ததும் தப்பு என்றால் நான் என்ன செய்திருக்கவேண்டும்?

இருபது பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். ஓடைக்கரையில் தவளை பார்க்கிற சத்தம் கேட்கிறது. எழுத்தைக் கொடுத்து இவர்களை நிறுத்திக்கொண்டேன். அது கோழைத்தனமா, அக்கா?

சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வீட்டில் கொண்டுவிட்டுவிட்டு, வரும் வாரம் எழுதுகிறேன். அதற்குள் எனக்கு விளங்கினால் அதை எழுதுவேன். விளங்காவிட்டாலும் எழுதுவேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தாசன்